ஊசி தந்ததா, நோய் தந்ததா?

"மாடுகளுக்குத் தவறாமல் கோமாரித் தடுப்பூசி போடுகிறோம். அதன்பிறகும் ஏன் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

கோமாரி தெரிந்த நோய்தான். வாயிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம், நூல்நூலாக ஒழுகும் எச்சில், காய்ச்சல், பால் வற்றுதல். 1897-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் லோஃப்லரும் ஃப்ரோஷும் இதற்குக் காரணமான கிருமி, பாக்டீரியாவைத் தடுத்துவிடும் வடிகட்டியையே தாண்டி வருகிறது என்று காட்டினார்கள். விலங்குகளில் முதன்முதலாக அறியப்பட்ட வைரஸ் இதுதான். இதில் ஏழு வகைகள் உண்டு. ஒரு வகைக்கான ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது.

சிக்கல் என்னவென்றால், தடுப்பூசி நோயைத் தடுக்குமே தவிர, தொற்றை முழுதாகத் தடுப்பதில்லை. ஊசி போட்ட மாட்டின் தொண்டையிலும் வைரஸ் மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம். மாடு பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) இருக்கிறதா என்று பார்த்தாலோ, ஊசி போட்ட மாடுகளிலும் அது இருக்கும். மாடுகளைக் கொன்றுகுவித்த வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட்) ஒழித்தபோதும் இதே குழப்பம் இருந்தது. அப்போது தடுப்பூசியையே நிறுத்திவிட்டு, அதன்பின் பிறந்த கன்றுகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2011-ல் அந்த நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரி சுற்றிவரும் இடத்தில் ஊசியை நிறுத்திப் பார்ப்பது பெரும் ஆபத்து.

இதற்குக் கிடைத்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் அதன் மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ.வைப் படித்து, செல் ஒரே நீளமான புரதச் சங்கிலியைக் கட்டத் தொடங்குகிறது. அந்தச் சங்கிலிக்குள்ளேயே அதை வெட்டும் நொதியும் இருக்கிறது! 3சி என்ற அந்தப் பகுதி, தான் ஒட்டியிருக்கும் சங்கிலியையே துண்டுதுண்டாகப் பிரிக்கிறது. துண்டுகளில் சில ஒன்றுகூடி வைரஸின் மேலுறை ஆகின்றன. மற்றவை உறையில் சேருவதில்லை. 3டி ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கிறது, 3பி அந்த நகலெடுப்பைத் தொடங்கிவைக்கிறது. வைரஸ் பெருகும்போது இந்த வேலைக்காரப் புரதங்களையும் மாட்டின் உடல் பார்த்துவிடுகிறது. அவற்றுக்கு எதிராகவும் ஆன்டிபாடி உண்டாகிறது.

தடுப்பூசியில் இருப்பது தொழிற்கூடத்தில் பெருக்கி, ரசாயனத்தால் செயலிழக்கச் செய்து, வேலைக்காரப் புரதங்கள் நீங்கும்படி நன்கு சுத்திகரித்த வைரஸ் துகள்கள். அவை மாட்டின் உடலில் பெருகாது. தச்சரிடம் நாற்காலி வாங்கினால் உளி கூடவே வீட்டுக்கு வராது. வீட்டில் உளி கிடந்தால், நாற்காலி அங்கேயே செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஆய்வகத்தில் தேடுவது அந்த உளியின் தடயத்தைத்தான். 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் அந்த வேலைக்காரப் புரதங்களில் 3ஏ, 3பி, 3சி மூன்றும் சேர்ந்த 3ஏபிசி என்ற புரதத்தைப் பூசி, குழிக்கு ஒரு மாட்டின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) விடுகிறார்கள். அதற்கான ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. பிறகு நொதி இணைத்த இன்னொரு ஆன்டிபாடியும் நிறமேற்றும் திரவமும் சேர்த்தால், அந்தக் குழி மட்டும் நிறம் மாறும்.

ஒற்றைக் குழியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. சரியாகச் சுத்திகரிக்காத ஊசியைப் பலமுறை போட்டிருந்தாலும் நிறம் மாறலாம். இளங்கன்றுக்குச் சீம்பால் வழியாகத் தாயின் ஆன்டிபாடி வந்திருக்கலாம். ஊசியின் பலத்தால் வைரஸ் கொஞ்சமே பெருகிய மாட்டில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதனால் மந்தையாகத்தான் பார்க்க வேண்டும். ஒரே கொட்டகையில் பல மாடுகளின் குழிகள் சேர்ந்து நிறம் மாறினால் அது கவலைக்குரிய செய்தி. உடனே மறுபடி ரத்தம் எடுத்து, தொண்டையிலிருந்தும் மாதிரி எடுத்து வைரஸைத் தேடுவார்கள்.

2001-ல் பிரிட்டனில் கோமாரியைக் கட்டுப்படுத்த 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்றார்கள். ஊசி போட்ட மாட்டையும் தொற்றிய மாட்டையும் எப்படிப் பிரித்தறிவது என்ற தயக்கமும் அன்று தடுப்பூசிக்குக் குறுக்கே நின்றது. அப்படியிருந்தும், நோய் பரவும்போது கொட்டப்படும் பணம், நோய் அடங்கியதும் ஆய்வகங்களுக்கு வராமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. நோய் இல்லாத ஆண்டில் எடுத்த சீரம் உறைபெட்டியில் பத்திரமாக இருந்தால்தான், பின்னொரு நாள் நிறம் மாறும் குழியை அதோடு ஒப்பிட்டு, வைரஸ் எப்போது மந்தைக்குள் வந்தது என்று கணிக்க முடியும்.