உபதலைப்பு அல்ல, அடிவரி

"காணொளியை ஒலிபெயர்த்து, மூடிய உபதலைப்புகளுடன் ஒப்படைக்கவும்." கிளிநொச்சியில் வீடியோ எடிட் செய்யும் ஒரு பெடியனுக்கு வந்த வேலைக் கடிதத்தில் இருந்த வரி இது. பதிவில் இருப்பவர் ஒரு விவசாயி, இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பி வயல் செய்கிறவர். அவர் கதைத்ததை எழுத்தாக்கி, படத்தின் கீழே வரிவரியாக ஓட விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பெடியன் கேட்டது: "அண்ணை, என்ன தலைப்புப் போடுறது?"

அவனில் குறை இல்லை. ஒரே வரியில் மூன்று சொற்கள் பிழைத்திருக்கின்றன: ட்ரான்ஸ்கிரைப் 'ஒலிபெயர்' ஆகியிருக்கிறது, க்ளோஸ்ட் 'மூடிய' ஆகியிருக்கிறது, கப்ஷனும் சப்டைட்டிலும் ஒன்றாய் 'உபதலைப்பு' ஆகியிருக்கின்றன. இதே சொற்கள் பயிற்சிக் கையேட்டிலும் மென்பொருள் மெனுவிலும் திரும்பத் திரும்ப வருவதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வேர்க்கதையைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். ட்ரான்ஸ்கிரைப் என்பது லத்தீன் வழி வந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தெழுதுவது என்று பொருள். கப்ஷன், 'பிடித்தல்' என்ற லத்தீன் வினையில் பிறந்து, சட்டப் பத்திரத்தின் குறிப்பாகி, கட்டுரைத் தலைப்பாகி, படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பாகி, பிறகு திரைக்கு வந்தது. சப்டைட்டில் நூலின் இரண்டாம் தலைப்பு. மௌனப் படக் காலத்தில் காட்சிகளுக்கு நடுவே காட்டிய எழுத்து அட்டைகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று ஆங்கிலம் பேசுகிறவர் எவரும் அந்தச் சொல்லுக்குள் 'தலைப்பு' இருப்பதை நினைப்பதில்லை. நம் மொழிபெயர்ப்பாளர்தான் செத்துப்போன பொருளைத் தோண்டி எடுத்து, குளிப்பாட்டி, தமிழுக்குள் கொண்டுவந்து இருத்தியிருக்கிறார்.

தலைப்பு என்றால் என்ன? வரப்போவது இன்னது என்று மேலே நின்று அறிவிப்பது. திரையின் கீழ் ஓடும் வரி எதையும் அறிவிப்பதில்லை, அதுவே பேச்சு. காலடியில் கிடப்பதற்குத் தலையிலிருந்து பெயர் எடுத்தது முதல் கூத்து. இரண்டாவது கூத்து 'உப'. இலங்கைத் தமிழில் அந்த முன்னொட்டுக்குத் தனி மவுசு உண்டு: உபதபாலகம், உபவேந்தர், உபகுழு. பெரியதொன்றுக்குக் கீழே சின்னதொன்று என்றால் உப. திரையில் ஓடும் வரி எந்தப் பெரிய தலைப்புக்குக் கீழே இருக்கிறது? அறிக்கை எழுதும் எவரையும் கேளுங்கள், உபதலைப்பு என்றால் அத்தியாயத்துக்குள் வரும் சின்னத் தலைப்பு என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அது தெரியும். நன்றாக உழைத்துக்கொண்டிருக்கிற ஒரு சொல்லைப் பிடித்து வேறு வேலைக்கு அனுப்புவது என்ன நியாயம்?

எடிட்டிங் மேசையில் இந்தக் குழப்பம் நேரத்தைத் தின்னும். ஒரே காலக்கோட்டில் படத்தின் பெயர் ஒரு அடுக்கில் இருக்கும். 'காலபோகம்', 'சிறுபோகம்' என்று பகுதி பிரிக்கும் எழுத்து இன்னொரு அடுக்கில். பேசுகிறவரின் பெயர்ப்பட்டி அதற்கு மேலே. கடைசியாகத்தான் பேச்சு வரிகள். இதில் முதல் இரண்டும் உண்மையான தலைப்புகள். "உபதலைப்பின் அளவைக் கூட்டு" என்று திருத்தக் குறிப்பு வந்தால் அவன் எதைக் கூட்டுவான்? பகுதித் தலைப்பைப் பெரிதாக்கி அனுப்புவான், குறிப்பு திரும்பி வரும்.

'துணைத்தலைப்பு' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வடசொல்லை விரட்டிவிட்ட திருப்தி அவர்களுக்கு. எனக்கும் தனித்தமிழில் விருப்பம்தான். ஆனால் இங்கே பிழை 'உப'வில் இல்லை, 'தலைப்பில்' இருக்கிறது. பிழையான சொல்லைத் தூய தமிழில் சொன்னால் அது தூய பிழை. அதற்குச் 'சப்டைட்டில்' என்றே எழுதிவிட்டுப் போகலாம், கேட்கிறவனுக்காவது விளங்கும்.

தமிழ்நாட்டில் 'வசனவரி' என்பார்கள். சினிமாவுக்குச் சரி. எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்தில் வசனம் என்றால் வாக்கியம். "வசனம் அமைக்குக" என்று வினாத்தாளிலேயே வரும். அதைவிட, வயலில் நின்று கதைக்கிற மனிசன் சொல்வது வசனம் என்றால் யாரோ எழுதிக் கொடுத்ததை அவர் ஒப்புவித்த மாதிரி இருக்கிறது. அதனால் என் கட்சி அடிவரி. அடி என்றால் கீழ். அடிக்குறிப்பும் அடிக்கோடும் எல்லாருக்கும் பழக்கம். செய்யுளின் வரியும் அடிதான். இரண்டே வரி, சில வினாடி, பிறகு அடுத்தது என்று வருகிற எழுத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

'மூடிய' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரும்பினால் காட்டலாம், வேண்டாமென்றால் மறைக்கலாம் என்பதுதான் அதன் கருத்து. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1980 மார்ச் 16இல் அப்படித் தொடங்கினார்கள்; வரியைப் பார்க்கத் தனிக் கருவி தேவைப்பட்டது. தமிழில் மூடிய என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கடைதான் நினைவுக்கு வரும். மறைக்கக்கூடிய அடிவரி, பதித்த அடிவரி என்று பிரித்தால் போதும். காது கேளாதவர்களுக்காக 'கதவு தட்டும் சத்தம்', 'உழவு இயந்திரச் சத்தம்' என்று சேர்ப்பதற்கு ஒலிக்குறிப்பு. ஷெல் சத்தத்தில் காது மந்தமானவர்கள் இருக்கிற வன்னியில் இந்தக் குறிப்பு வெளிநாட்டு நாகரிகம் அல்ல.

இனி ஒலிபெயர்ப்பு. இது நல்ல சொல், இடம்தான் பிழை. மணலாறு என்ற ஊர்ப்பெயரைச் சிங்களத்தில் வெலிஓயா என்று ஆக்கியது மொழிபெயர்ப்பு. அந்த வெலிஓயாவைத் தமிழ் எழுத்தில் எழுதுவது ஒலிபெயர்ப்பு. ஒருவர் கமராவுக்கு முன்னால் இருந்து "நாங்கள் மணலாறு எண்டுதான் சொல்லுறது" என்று கதைத்ததை அப்படியே எழுதினால்? அங்கே எதுவும் பெயரவில்லை, மொழியும் அதேதான். அது படியெடுத்தல். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர்கள் செய்தது அதைத்தான். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் இருந்த கூத்துக் கொப்பியைப் பார்த்து இன்னொரு கொப்பியில் எழுதிக்கொண்டவர்களும் அதைத்தான் செய்தார்கள். தமிழ்நாட்டு உயிரியல் பாடநூல்கூட டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைப் படியெடுத்தல் என்கிறது. எழுதி முடித்த தாளுக்குப் பேச்சுப்படி என்று பெயர் வைக்கலாம்.

படி என்ற சொல்லில் எனக்குப் பிடித்தது அதன் கண்டிப்பு. 'சொன்னபடி' என்று பேச்சிலேயே இருக்கிறது. விவசாயி "வயலுக்கு வருவினம்" என்றால் படியில் "வருவினம்". "வருவார்கள்" என்று திருத்தினால் அது படி அல்ல. 2022இல் விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருள் வந்த பிறகு இயந்திரமே பேச்சை எழுதித் தருகிறது. நல்லதுதான், ஆனால் வன்னிப் பேச்சில் அது தடுமாறும்; மொழிபெயர்ப்பு வேறு சேர்ந்தால் இன்னும் மோசம். "இரணைமடு வான் பாயுது" என்று அவர் சொன்னது ஆங்கிலத்தில் ஆகாயம் பாய்வதாக வந்து நின்றது. குளம் நிரம்பி வான்கதவால் தண்ணி வெளியேறுவது அதற்கு எப்படித் தெரியும்? ஆள் இருந்து கேட்டுத் திருத்தத்தான் வேண்டும்.

அடிவரிக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. வாசிக்க நேரம் வேண்டும், இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும். ஆகவே "அது வந்து, என்னெண்டால்" என்பதை வெட்டலாம். படி முழுசாக இருக்கும், அடிவரி அதிலிருந்து சுருங்கி வரும். முதலில் படி, பிறகு வெட்டு, பிறகு நேரக் குறி, அதன் பிறகு அடிவரி. சொல் சரியாக இருந்தால் வேலையின் ஒழுங்கும் அதிலேயே தெரிகிறது. 'ஒலிபெயர்த்து உபதலைப்பிடுக' என்றவருக்கு இது இரண்டு வேலை என்பதே தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒருநாள் கூலி போட்டிருக்க மாட்டார். எங்கள் மொழிபெயர்ப்பாளர்களில் பலர் அகராதியைத் திறக்கும் அளவுக்கு, பொருளைப் போய்ப் பார்ப்பதில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய வரியைக் கோப்பில் போட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பை வரும் என்பதும், யுனிகோட்டில் தட்டினாலும் மென்பொருளில் தெற்காசிய எழுத்து அமைப்பைத் தெரியாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும் என்பதும் மேசையில் இருப்பவனுக்கே தெரியும். சொல்லை அவனிடம் கேட்டிருக்கலாம்.

பெயர்ப்பட்டி கீழே வரும்போது வரியை மேலே தூக்குகிறோமே, அப்போதும் அடிவரியா என்று ஒருவர் மடக்கினார். பட்டி போனதும் அது இறங்கிவிடும், அதனால் பெயர் மாற வேண்டியதில்லை. கைபேசிக்காக நெட்டையாக வெட்டும் வீடியோக்களில் நடுத்திரையில் ஒவ்வொரு சொல்லாகத் துள்ளும் எழுத்துக்கு மட்டும் அடிவரி பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். அதற்குத் திரைவரி என்று வைத்துக்கொள்ளலாம்.