எழுத்தின் ஓரத்தில் சிவப்புத் தெரிந்தால் லென்ஸை மாற்றுவதற்கு முன்

பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள பள்ளிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் புரொஜெக்டர் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமே என் தொழில். அண்மையில் நாங்குநேரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியர் அழைத்தார். "அண்ணாச்சி, எழுத்து ஓரமெல்லாம் செவப்பா நிழல் அடிக்கு. லென்ஸ மாத்தணும்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போயிட்டாரு. நீங்க ஒருக்கா வந்து பாத்துருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். லென்ஸில் எந்தக் குறையும் இல்லை. அந்தப் பள்ளி வீணாகச் செலவழிக்கவிருந்த பணத்தை நினைத்தே இதை எழுதுகிறேன்.

திரையில் தெரியும் வண்ணப்படம் ஒரு படமன்று; சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவது. 1861ஆம் ஆண்டு மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், மூன்று நிற வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுக்கப்பட்ட ஒரு வண்ண நாடாவின் படங்களை மூன்று விளக்குகளால் ஒரே திரையில் சேர்த்துக் காட்டியபோதே இந்த முறை பிறந்துவிட்டது. மூன்றையும் பிசகாமல் ஒன்றுசேர்ப்பதே அன்று முதல் இன்று வரை இத்தொழிலின் பெரும்பாடு.

நான் வேலை பழகியது, பழைய டிவியில் இருப்பது போன்ற படக்குழாய் மூன்று, லென்ஸ் மூன்று கொண்ட பழைய இயந்திரங்களில். பச்சைக் குழாய் நடுவிலும், மற்ற இரண்டும் இருபுறமும் இருக்கும். வெண்மையின் ஒளிர்வில் ஏறத்தாழ 70 விழுக்காடு பச்சையிலிருந்தே வருவதால் அதை அசையாத அளவுகோலாக வைத்துக்கொண்டு, சிவப்பையும் நீலத்தையும் அதனோடு பொருத்துவோம். இந்த அமைப்பில் ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு லென்ஸும் ஒரு நிறத்தை மட்டும் கையாள்வதால், எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிக்கும் சுமை அதற்கு இல்லை. ஆனால் மூன்று லென்ஸ்களின் குவியத்தூரமும் ஒத்திருக்க வேண்டும். இரண்டரை மீட்டர் அகலத் திரையில் ஒரு லென்ஸின் உருப்பெருக்கம் 1 விழுக்காடு கூடினாலே, அந்த நிறம் இரு ஓரங்களிலும் 12.5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும்.

ஒரு கல்லூரி அரங்கில், மேடைக்கு இடம் வேண்டும் என்று அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்றைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டார்கள். அடுத்தடுத்த லென்ஸ்களுக்கிடையே 15 சென்டிமீட்டர் இடைவெளி, 3.6 மீட்டர் தொலைவில் மூன்று லென்ஸ்களின் அச்சுகளும் சந்திக்கும்படி உட்பக்கம் சாய்க்கப்பட்டிருந்தன. இயந்திரம் 4.5 மீட்டருக்குப் போனதும் அச்சுகள் திரைக்கு முன்பே சந்தித்து, ஒன்றையொன்று கடந்து சென்றன. சிவப்பு ஒரு பக்கம் 37.5 மில்லிமீட்டர், நீலம் மறுபக்கம் அதே அளவு. இரண்டுக்கும் நடுவே நான்கு விரற்கடை. அதோடு, சாய்வாக விழும் சிவப்புப் படம் ஒரு ஓரத்தில் மற்ற ஓரத்தைவிட ஏறத்தாழ 3 விழுக்காடு உயரம் கூடியிருக்கும், நீலமோ அதற்கு நேர்மாறாக இருக்கும். இந்தக் கோணலைக் குழாயின் எலக்ட்ரான் கதிரை மின்காந்தச் சுருள்களால் வளைத்தே நிமிர்த்த முடியும். எல்லாவற்றையும் மறுபடி கட்டம் கட்டமாகப் பொருத்தி முடிக்க எனக்கு ஓர் இரவு முழுவதும் ஆனது.

இன்று பள்ளிகளில் நான் அதிகம் காணும் ஒளியைப் புள்ளி புள்ளியாக விட்டும் தடுத்தும் படம் உருவாக்கும் எல்சிடி பேனல்கள் மூன்று கொண்ட புரொஜெக்டர்கள் (எப்சன் 1989இல் வெளியிட்ட விபிஜே-700 இவ்வகையைச் சேர்ந்தது) அந்தச் சந்திப்பை இயந்திரத்துக்குள்ளேயே முடித்துவிடுகின்றன. விளக்கின் ஒளியை, ஒரு நிறத்தைத் திருப்பி மற்றதை ஊடே விடும் பூச்சுள்ள டைக்ரோயிக் கண்ணாடிகள் மூன்றாகப் பிரிக்கின்றன. அவை மூன்று பேனல்களைக் கடந்து ஒரு கனசதுரப் பிரிசத்தில் ஒன்றாகி, ஒரே லென்ஸ் வழியாக வெளியே வருகின்றன. இயந்திரத்தை முன்னே பின்னே நகர்த்தினாலும் நிறம் பிரியாது. ஆனால் சுமை இப்போது அந்த ஒரு லென்ஸின் தலையில். பிரிசம் அமர வேண்டியிருப்பதால் லென்ஸுக்குப் பின்னே நீண்ட இடைவெளி தேவை. டைக்ரோயிக் பூச்சு, கதிர் விழும் கோணம் மாறினால் தான் பிரிக்கும் நிறத்தையும் மாற்றிக்கொள்ளும் என்பதால், பேனலின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கதிர்க்கற்றைகள் ஒரே சாய்வில் புறப்பட வேண்டும். மூன்று நிறங்களின் உருப்பெருக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இத்தனையையும் ஒருசேர நிறைவேற்றுவதற்குத்தான் அந்தக் குழலுக்குள் அத்தனை கண்ணாடிகள்.

ஆகவே நிறம் பிரிந்தால், அது எப்படிப் பிரிகிறது என்பதை முதலில் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளைக் கட்டங்கள் வரைந்த படத்தைத் திரையில் இட்டு, அருகில் சென்று நடுப்பகுதியையும் நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நடுவில் சுத்தமாக இருந்து, மூலைக்குப் போகப் போக நிறவிளிம்பு வெளிநோக்கி அகன்றால் குறை லென்ஸில். இடக்கோடியில் மேல்நோக்கியும் வலக்கோடியில் கீழ்நோக்கியும் விலகினால் ஒரு பேனல் சுழன்றிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே திசையில், ஒரே அளவில் சிவப்பு எட்டிப்பார்த்தால் சிவப்புப் பேனல் இடம்பெயர்ந்திருக்கிறது. லென்ஸை மாற்றி ஒரு பயனும் இல்லை.

நாங்குநேரிப் பள்ளியில் கண்டது இந்தக் கடைசி வகை.

கீஸ்டோன் பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாழ்ந்த மேசையில் புரொஜெக்டரை வைத்து மூக்கைத் தூக்கினால் படம் கோணும். அதைச் சரிசெய்ய அழுத்தும் அந்தப் பொத்தான் கோணலை நீக்குவதில்லை, படத்தைப் பேனலுக்குள்ளேயே சுருக்கித் திரையில் செவ்வகமாகத் தெரியவைக்கிறது. புள்ளிகள் குறைகின்றன, எழுத்து மங்குகிறது. லென்ஸை மட்டும் மேலே கீழே நகர்த்தும் வசதியுள்ள இயந்திரத்தைத் திரைக்கு நேராக வைத்தால் இந்த இழப்பு இல்லை. புதிதாக வாங்குபவர்கள் பிரகாசத்தை விசாரிக்கும் அக்கறையில் பாதியையாவது இதற்குத் தர வேண்டும் என்பது என் கருத்து.

ஆடிக் காற்றில் திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மண் எங்கும் புகும். காற்று வடிகட்டி அடைபட்டால் உள்ளே சூடேறி, பெரும்பாலும் நீலப் பாதையில், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கித் தகடு முதலில் கருகும். வெள்ளை மெல்ல மஞ்சளாகும். அதற்கும் லென்ஸ் காரணமன்று.

அந்தப் பள்ளியில் மெனுவைத் திறந்து, பேனல்களின் படங்களை ஒன்றோடொன்று பொருத்தும் பேனல் அலைன்மென்ட் பகுதியில் பச்சையை அப்படியே விட்டுவிட்டுச் சிவப்பை இரண்டு படி இடப்பக்கம் நகர்த்தினேன். ஆசிரியர் திரையருகே நின்று கட்டத்தின் கோட்டில் விரலை வைத்திருந்தார். விரலுக்கடியில் இருந்த சிவப்பு விளிம்பு வெள்ளைக்குள் போய் அடங்கியது.