விமானச் சீட்டுக்கு முன்னால் மார்ஃபின்

"வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் நம்மூர் ஆண்கள் "ரெண்டு, மூணு இருக்கும் மிஸ்ஸி" என்பார்கள். நான் நம்புவதில்லை. "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்பேன். "எங்க தூங்கறது?" என்பார்கள். கணையப் புற்றுநோய்க்காரர் பலர் மல்லாந்து படுக்க முடியாமல், தலையணையை வயிற்றோடு அணைத்துக் குனிந்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்.

சிங்கப்பூரில் வீடு வீடாகப் போகும் தாதி நான். கடும் வலியைக் குறைக்கும் மார்ஃபின் மருந்து, வாயால் குடிக்கும் திரவமாக இங்கே கிடைப்பது பெரிய காரியமில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரக் காத்திராமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வந்தே தீரும், அதனால் மலமிளக்கியும் கூடவே. ஆரம்பத் தூக்கக் கலக்கம் சில நாளில் குறையும். 'மார்ஃபின் வந்தாச்சு, இனி அவ்வளவுதான்' என்று குடும்பம் பயப்படும். வலி குறைந்து அவர் எழுந்து குளிக்கப் போனால் அந்தப் பயம் தானே போய்விடும்.

ஏழை நாடுகளின் கதை வேறு. உலகில் ஓராண்டில் விநியோகமான, மார்ஃபின் அளவில் கணக்கிட்ட 298.5 டன் வலி மருந்தில் அந்த நாடுகளுக்குப் போனது வெறும் 0.1 டன் என்று 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் சொன்னது. விலை காரணமில்லை. 1980களில் இங்கே சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் ஆன் மெரிமன், மார்ஃபின் தூளைத் தண்ணீரில் கரைத்து மலிவான திரவம் செய்யும் முறையை மருந்தாளர்களோடு உருவாக்கினார். 1993இல் உகாண்டாவுக்கும் அதைக் கொண்டுபோனார். பின்னர் அங்கே பயிற்சி பெற்ற தாதியரே மார்ஃபின் எழுதித் தரச் சட்டம் இடம் கொடுத்தது. இந்தியாவிலோ மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மார்ஃபின் எடுக்கும் அபினிச் செடியே உரிமத்தோடு விளைகிறது, ஆனால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் மார்ஃபினைத் தொடவே தயங்கின. 2014இல் சட்டம் தளர்ந்தது, கேரளா அதற்கு முன்பே வழி கண்டிருந்தது. மற்ற இடங்களில் இன்னும் ஊருக்கு ஊர் நிலைமை மாறும்.

இங்கே வேலை பார்த்து, நோய் தெரிந்ததும் ஊர் திரும்பும் தம்பிகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். விமானச் சீட்டு எடுக்கும் முன் வீட்டில் ஒருவரை விசாரிக்கச் சொல்லுங்கள்: நம் மாவட்டத்தில் வாய்வழி மார்ஃபின் எந்த மருத்துவமனையில் இருக்கிறது? யார் எழுதித் தருவார்கள்? எத்தனை நாளைக்கு ஒருமுறை வாங்கப் போக வேண்டும்? அப்புறம், மருந்தளவு மில்லிகிராமில் குறித்த மருத்துவர் கடிதம் கையில் இருக்கட்டும். மருந்தை எடுத்துச் செல்லும் விதிகளை இங்குள்ள மருந்தகத்திலேயே கேளுங்கள். தீர்ந்துவிட்டதே என்று திடீரென நிறுத்தினால் வலி திரும்புவதோடு வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். எனவே கையிருப்பு முடியும் முன்பே ஊரில் முதல் சந்திப்புக்கு நாள் வாங்கிவிடுங்கள்.