கால்டிரெயினுக்கு யார் பணம் தருகிறார்கள்?

கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையே ஓடும் கால்டிரெயின் என்னும் பயணிகள் ரயில் சேவை, ஒரே அரசுக்குச் சொந்தமானதன்று. சான் பிரான்சிஸ்கோ, சான் மட்டேயோ, சாண்டா கிளாரா ஆகிய மூன்று கவுண்டிகளும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) சேர்ந்து அமைத்த கூட்டு வாரியம், 1991-இல் சதர்ன் பசிபிக் நிறுவனத்திடமிருந்து பாதையை வாங்கியது. வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களில் கவுண்டிக்கு மூவர்.

இந்த வாரியத்துக்கு நெடுங்காலம் சொந்த வரி வருவாய் கிடையாது. டிக்கெட் வசூல் போக விழும் துண்டை மூன்று கவுண்டிகளின் போக்குவரத்து அமைப்புகளும் ஆண்டுதோறும் தத்தம் பட்ஜெட்டிலிருந்து பங்கிட்டுக் கொடுத்தன. ஒன்றுக்குக் கை இறுகினால் மற்றவையும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டால், மூன்றில் எது நலிந்ததோ அதுவே ரயில்களின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது. பயணிகள் எவ்வளவு பெருகினாலும் இந்த நிலை மாறவில்லை என்பதுதான் இதில் மிகப் பெரிய குறை.

இதற்குத் தீர்வாக 2017-இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய எஸ்பி 797 சட்டம், மூன்று கவுண்டிகளிலும் 0.125 விழுக்காடு விற்பனை வரி விதிக்க வழிசெய்தது. ஆனால் கூட்டு வாரியம், மூன்று போக்குவரத்து அமைப்புகள், மூன்று கவுண்டி மன்றங்கள் என ஏழு அமைப்புகளும் ஒப்புக்கொண்ட பிறகே அது மக்கள் வாக்கெடுப்புக்கு வர முடியும். கொரோனாவால் ரயில்கள் காலியாக ஓடிய 2020 கோடையில், சான் பிரான்சிஸ்கோ ஒப்புதல் தராமல் நிறுத்தி வைத்தது. பொதுப்பணத்தில் ஓடும் ரயிலின் நிர்வாகம் சான் மட்டேயோவின் போக்குவரத்து அமைப்பிடமே இருக்கலாமா என்பது அதன் கேள்வி. கேள்வி நியாயமானதே, எனினும் சேவையே நின்றுபோகும் அபாயம் இருந்த நேரத்தில் அது எழுப்பப்பட்டதால் பயணிகள் பதறினர். நிர்வாக மாற்றம் குறித்து ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டது. மூன்று கவுண்டிகளின் வாக்குகளையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு கிடைத்து, நவம்பரில் மெஷர் ஆர்ஆர் என்ற பெயரில் வாக்கெடுப்புக்கு வந்த இந்த வரித் தீர்மானம் நிறைவேறியது.

இந்த வரி 30 ஆண்டுகளுக்கு நடைமுறையில் இருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் தரும் என மதிப்பிடப்பட்டது. இக்கவுண்டிகளில் 100 டாலருக்குச் செருப்பு வாங்குபவர், ரயிலில் ஏறாதவராயினும், பன்னிரண்டரை சென்ட் கொடுக்கிறார். அரிசி, காய்கறி போன்ற சமைக்காத உணவுப் பொருள்களுக்கும் மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கும் விற்பனை வரி இல்லை என்பதால், ஏழைக் குடும்பங்களின் மேல் விழும் சுமை ஓரளவு குறைகிறது, முழுவதும் நீங்குவதில்லை.

2024 செப்டம்பரில் மின்சார ரயில் சேவை முழுமையாகத் தொடங்கியபின் பயணிகள் திரும்பி வருகின்றனர். ஆயினும் துண்டு விழுவது நிற்கவில்லை. ஆகவே 2025-இல் இயற்றப்பட்ட எஸ்பி 63 என்ற மாநிலச் சட்டம், இம்மூன்றோடு அலமேடா, கான்ட்ரா கோஸ்டா கவுண்டிகளையும் சேர்த்து, 2026 நவம்பரில் 14 ஆண்டுக்கால விற்பனை வரியை வாக்கெடுப்புக்கு விட வழிசெய்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 1 விழுக்காடு, மற்ற நான்கில் 0.5 விழுக்காடு. குடிமக்கள் கையொப்பம் திரட்டி அதைக் கொண்டுவந்தால், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவையில்லை. சாதாரணப் பெரும்பான்மையே போதும்.