நத்தைக்கு எந்தக் காய் போடலாம்?

மீன் தொட்டிக் கண்ணாடியில் ஊரும் மிஸ்டரி நத்தையின் வாய்க்குள் ராடுலா என்றொரு நாடா இருக்கிறது. அதில் கைட்டின் என்ற கெட்டியான பொருளால் ஆன நுண்பற்கள் வரிசை கட்டி நிற்கும். தேங்காய் துருவுவதுபோல அந்த நாடாவால் உணவைச் சுரண்டிச் சுரண்டித்தான் தின்னும். பச்சைக் கேரட்டில் அது திணறுவது இதனால்தான். கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் காயின் செல்சுவர் இளகும். உள்ளிருக்கும் காற்றும் வெளியேறுவதால் துண்டு மிதக்காமல் மூழ்கும். உப்பு மட்டும் வேண்டாம்.

வேலூர்ப் பக்கம் போர் தண்ணீரைத் திட்டாத வீடு அபூர்வம். குழாயெல்லாம் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காது. நத்தைக்கோ அது வரம். அதன் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஓட்டின் விளிம்பை ஒட்டியுள்ள மேலங்கி என்ற திசு, தண்ணீரிலும் உணவிலும் இருந்து கிடைக்கும் கால்சியத்தைக் கொண்டுதான் புது ஓட்டைக் கட்டுகிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்த்தால் கால்சியம் கிடைக்காது. தண்ணீர் அமிலமாகிவிட்டால் இருக்கிற ஓடும் கரைந்து வெள்ளைக் குழி விழும். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளைத் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

கீரை நல்லதுதானே என்று தோன்றும். பாலக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும், நத்தைக்குப் பயன்படாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் கரையும் ஆக்சலேட்டில் ஒரு பங்கு போகும். அப்படியும் எப்போதாவது போட்டால் போதும். வெள்ளரி பெரும்பாலும் தண்ணீர்தான், ஆசைக்குச் சரி. வழக்கமான சாப்பாட்டுக்கு பீன்ஸ், கேரட், சுரைக்காய், பீர்க்கங்காய் என்று மாற்றிக் கொடுப்பேன்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பெருமை. அதைக் குழம்போடு நிறுத்திக்கொள்ளலாம். கத்தரி என்றாலே தண்டு, காய் துளைப்பான் புழு, புழுவுக்கு மருந்து. செடிக்குள் ஊடுருவும் மருந்தைக் கழுவியோ தோல் சீவியோ எடுக்க முடியாது. இன்னொரு பயம், காப்பர் கலந்த பூஞ்சைக்கொல்லி. நத்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே ஹீமோசயனின் என்ற தாமிரப் புரதம்தான். ஆனால் தண்ணீரில் கரைந்த தாமிரம் கொஞ்சம் கூடினாலும் நத்தையைக் கொன்றுவிடும். சில மீன் மருந்துகளிலும் தாமிரம் உண்டு, பாட்டிலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். நேதாஜி மார்க்கெட்டில் வாங்கும் எந்தக் காயையும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மாடியில் மருந்தடிக்காமல் காய்த்தது என்றால் இன்னும் நிம்மதி.

போட்ட துண்டில் மிச்சம் இருந்தால் மறுநாளே எடுத்துவிட வேண்டும். அழுகினால் அம்மோனியா ஏறும். முதலில் பாதிக்கப்படுவது கூட இருக்கும் மீன்களாகவும் இருக்கலாம்.

ஓடு மெலிந்திருந்தால் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேளுங்கள். அது கணவாயின் ஓடு, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பொடியாக வேண்டாம், துண்டாக வாங்குங்கள். முதலில் மிதக்கும், தண்ணீர் ஊற ஊறத் தானே அடியில் போய்ச் சேரும்.