கழுநீரும் ஐந்து கால் நச்சும்

காலரா வார்டுக் கட்டிலை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. கான்வாஸ் துணியின் நடுவில் ஒரு ஓட்டை, அதற்கு நேர் கீழே ஒரு வாளி. வாளியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஈடாக நோயாளிக்குத் தண்ணீர் ஏற்றுவார்கள். நோய் கடுமையாக இருந்தால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். அரிசி களைந்த கழுநீர் மாதிரி, வெளிறிய தண்ணீர்.

இத்தனை நடந்தும் குடலின் உள்சுவரில் பெரிய புண் இருக்காது. காலரா பாக்டீரியா செல்லுக்குள் நுழைவதில்லை, ரத்தத்தில் கலப்பதும் இல்லை. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு புரதத்தைச் சுரக்கிறது, அவ்வளவுதான். ஆளைச் சாய்ப்பது அந்தப் புரதம். பாக்டீரியா இப்படித் தன் உடலுக்கு வெளியே சுரந்து விடும் விஷத்துக்குப் புறநச்சு என்று பெயர்.

கல்கத்தாவில் 1884இல் காலரா கிருமியைப் பிரித்தெடுத்த ராபர்ட் கோக், இது ஏதோ விஷத்தின் வேலையாக இருக்கும் என்று அப்போதே சந்தேகப்பட்டார். அதை நிரூபிக்க 75 ஆண்டுகள் ஆயின. நிரூபித்தவரும் கல்கத்தாக்காரர்தான்: சம்புநாத் டே. அவருடைய சோதனையில் பெரிய கருவி எதுவும் இல்லை. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, நடுவே கிருமி வளர்ந்த திரவத்தைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து உப்பியிருந்தது. பிறகு, அதே திரவத்திலிருந்து கிருமிகளை முழுக்க வடிகட்டிவிட்டு, வடிநீரை மட்டும் செலுத்தினார். ஒரு கிருமிகூட இல்லை. ஆனாலும் குடல் உப்பியது. 1959இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இந்தக் கட்டுரைக்காக நோபல் விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். பரிசு கிடைக்கவில்லை. நம் பாடப்புத்தகங்களில் கோக்குக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது டேவுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த வடிநீரில் இருந்த புரதத்துக்கு ஐந்து கால்கள், மேலே ஒரு தலை. குடல் செல்லின் மேற்பரப்பில் உள்ள, சர்க்கரை கோத்த ஒருவகைக் கொழுப்பைக் கால்கள் பற்றிக்கொள்ளும். செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் ஒரு தந்திரம். பழுதான புரதங்களைக் கழித்துக்கட்டச் செல்லுக்குள் ஒரு வழி உண்டு. நச்சின் தலைப்பகுதி பழுதான புரதம் போல வேஷம் போட்டு, அந்த வழியாகவே செல்லின் நடுக்கூடத்துக்கு வந்துவிடுகிறது.

வந்து எதையும் உடைப்பதில்லை. ஒரே ஒரு சுவிட்சைத்தான் தொடுகிறது. மொட்டைமாடி டேங்க் நிறைந்ததும் தானே நின்றுவிடும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். குடல் செல்லிலும் அப்படி ஒரு புரதம் இருக்கிறது. தேவைப்படும்போது ‘ஆன்’ ஆகும், சற்று நேரத்தில் தன்னைத்தானே ‘ஆஃப்’ செய்துகொள்ளும். நச்சு அதன் மேல் ஒரு சிறு மூலக்கூறை ஒட்டிவிடுகிறது. ஒட்டியபின் அதற்கு ‘ஆஃப்’ கிடையாது. செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்ற செய்திப்பொருள் ஏறிக்கொண்டே போக, குளோரைடு வாசல்கள் திறந்தபடியே நிற்கின்றன. குளோரைடு வெளியேற, பின்னாலேயே சோடியமும், உப்பு போன பக்கம் தண்ணீரும் போகின்றன. நச்சு ஒரு நொதி. ஒரு சுவிட்சை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகரும், தான் தீர்ந்துபோவதில்லை.

நச்சு கை வைக்காத ஒரு வாசலும் உண்டு. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் மட்டும் திறந்து, இரண்டையும் உள்ளே விடும் வாசல் அது. அவை போனால் தண்ணீரும் கூடவே உள்ளே போகும். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தில் உள்ள பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளையில் மொண்டு கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இந்த வழியில் வந்ததுதான். பேதியானால் உப்புக் கஞ்சி கொடுத்த பாட்டிமாருக்கு வாசலின் பெயர் தெரியாது. ஆனால் கஞ்சியின் மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து தட்டுவது அதே கதவைத்தான்.

ஒட்டிக்கொள்ள ஒரு பகுதி, வேலை செய்ய ஒரு பகுதி என்ற இந்த அமைப்பு வேறு பல நச்சுகளிலும் உண்டு. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நச்சு செல்லின் புரதத் தயாரிப்பையே நிறுத்திவிடும். ஒரு செல்லைக் கொல்ல ஒரே ஒரு மூலக்கூறு போதும். கிருமி தொண்டையில் இருக்க, ரத்தத்தில் பரவிய நச்சு இதயத்தைப் பாதிக்கும். நச்சுமுறி மருந்தால் வெளியே திரியும் நச்சைத்தான் பிடிக்க முடியும், செல்லுக்குள் புகுந்ததை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அதைக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு வேடிக்கை, காலரா நச்சுக்கும் தொண்டை அடைப்பான் நச்சுக்கும் உரிய மரபணுக்கள் அந்தப் பாக்டீரியாக்களின் சொந்தச் சரக்கு அல்ல. பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்கள் கொண்டுவந்து செருகியவை. அந்த வைரஸ் தொற்றாத தொண்டை அடைப்பான் கிருமியால் இந்த நச்சைச் சுரக்க முடியாது.

ரணஜன்னி (டெட்டனஸ்) நச்சும், சரியாகப் பதப்படுத்தாத உணவில் உருவாகும் பாட்டுலினம் நச்சும் பங்காளிகள். நரம்பு முனையில் செய்திப்பொருளை வெளியே விட உதவும் புரதங்களை இரண்டும் கத்தரிக்கின்றன. பாட்டுலினத்தின் சில வகைகள் வெட்டுவது ரணஜன்னி நச்சு வெட்டும் அதே புரதத்தை. விளைவு நேர் எதிர். பாட்டுலினம் தசையருகே உள்ள நரம்பு முனையிலேயே தங்கி வெட்டுவதால் தசை துவண்டுபோகும். ரணஜன்னி நச்சு நரம்பு வழியே தண்டுவடம்வரை ஏறி, தசையை அடக்கி வைக்கும் நரம்புகளில் வெட்டுகிறது. அடக்க ஆளில்லாமல் தாடை இறுகி, முதுகு வில்லாய் வளையும்.

காலில் ஆணி குத்தினால் போடும் டி.டி. ஊசியில் கிருமி இல்லை. ஃபார்மலின் என்ற ரசாயனத்தால் விஷம் முறிக்கப்பட்ட ரணஜன்னி நச்சுதான் இருக்கிறது; உடல் அதன் உருவத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கும் ஊசி போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆளைக் கொல்லப் போதுமான அளவு நச்சு, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படக்கூடப் போதாது.