ஸ்லீப் ஆப்னியா: உறக்கத்தில் நின்றுபோகும் மூச்சு

குறட்டைக்காக மருத்துவரிடம் போனவர்கள் பலர் திரும்பும்போது கூடவே கொண்டுவரும் சொல் ‘ஸ்லீப் ஆப்னியா’. ஸ்லீப் என்றால் தூக்கம், அது எல்லோருக்கும் தெரியும். ஆப்னியா கிரேக்கத்திலிருந்து வந்தது. அதிலுள்ள ‘ப்னோயா’ மூச்சைக் குறிக்கும், முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைக் குறிக்கும். அநீதி, அசுத்தம் என்று வடமொழி வழியாக நமக்கு வந்த சொற்களில் உள்ள ‘அ’வும் இந்தக் கிரேக்க ‘அ’வும் ஒரே மூலத்தில் கிளைத்தவை. ஆக, ஆப்னியா என்றால் மூச்சின்மை. அதே சொல்லோடு ‘டிஸ்’ சேர்ந்தால் டிஸ்ப்னியா, அதாவது சிரமப்பட்டு மூச்சு விடுதல். ‘ஹைப்போ’ சேர்ந்தால் ஹைப்பாப்னியா. இதில் மூச்சு முழுதாக நிற்காது, அளவு குறைந்துபோகும்.

இந்த மூன்றையும் தமிழில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அதிகம் புழங்கும் பெயர் ‘தூக்கத்தில் மூச்சுத்திணறல்’. எனக்கு இந்தப் பெயரில் உடன்பாடில்லை. திணறல் என்பது டிஸ்ப்னியாவுக்கு உரிய சொல். ஆஸ்துமாக்காரருக்கும், நாலு படி ஏறினாலே இளைத்துப் போகிறவருக்கும் இருப்பது அது. திணறுகிறவருக்குத் தான் திணறுவது தெரியும். ஆப்னியா உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. இரவில் நூறு முறை மூச்சு நின்றிருந்தாலும் காலையில் எழுந்து “நல்லாத்தானே தூங்கினேன்” என்பார். “திணறல் உண்டா?” என்று கேட்டால் இல்லை என்பார், அது பொய்யும் இல்லை. இப்படிக் கேள்வியில் இருந்த சொல்லாலேயே நோய் கண்ணில் படாமல் போய்விடலாம்.

‘உறக்க மூச்சுத்தடை’ என்று எழுதுபவர்களும் உண்டு. இது பரவாயில்லை. ஆனால் எல்லா ஆப்னியாவிலும் தடை இருப்பதில்லை. தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கும் மென்அண்ணமும் (மேல்வாயின் மென்மையான பின்பகுதி) பின்னால் சரிந்து வழியை அடைத்துக்கொள்வது ஒரு வகை. பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான். வழி திறந்தே இருந்தும், மூச்சு விடு என்ற கட்டளை மூளையிலிருந்து வராமல் போவது இன்னொரு வகை. அங்கே தடை என்ற சொல் பொருந்தாது. ‘உறக்க மூச்சின்மை’ மூலத்துக்கு நேரானதுதான், ஆனால் கேட்டதும் சாவை நினைக்க வைக்கும். ‘உறக்க மூச்சு நிறுத்தம்’ என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். முதல் வகையை அடைப்பு மூச்சு நிறுத்தம் என்றும், இரண்டாவதை மைய மூச்சு நிறுத்தம் என்றும் சொல்லலாம். ஹைப்பாப்னியாவுக்குக் குறைமூச்சு போதும். உறக்கமா தூக்கமா என்பது அவரவர் விருப்பம். தூங்குதல் முதலில் தொங்குதலைத்தான் குறித்தது, தூக்கணாங்குருவியின் பெயரில் இன்றும் அந்தப் பழைய பொருள் இருக்கிறது.

சரி, மருத்துவத்தில் இதற்கு என்ன அளவு? பெரியவர்களுக்குக் குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால்தான் அது ஒரு நிறுத்தமாகக் கணக்கில் சேரும். நிறுத்தங்களையும் குறைமூச்சுகளையும் கூட்டி, உறங்கிய நேரத்தில் மணிக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். 5க்குக் கீழே இயல்பு, 5 முதல் 14 வரை லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30 அல்லது அதற்கு மேல் கடுமை.

உறங்கும்போது மூச்சு நிற்பதை 1965இல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் தனித்தனியே பதிவு செய்தார்கள். ‘ஸ்லீப் ஆப்னியா சின்ட்ரோம்’ என்ற பெயரை 1976இல் நிலைநாட்டியவர் ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய கிறிஸ்டியன் கில்லெமினோ. அதே ஆண்டில் அவருடைய குழு, மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்த அழுத்தம் ஏறுவதையும் அளந்து எழுதியது. பெயர் வைக்கும்போதே இதயமும் கணக்கில் இருந்தது.

இதயத்துக்கு என்னதான் நடக்கிறது? உறக்கம் அதற்கு ஓய்வு நேரம். பகலில் இருப்பதைவிட இரவில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். மூச்சு நின்றால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், கரியமில வாயு கூடும். மூளை பதறி உடலை அரைகுறையாக எழுப்பும். அட்ரினலின் போன்ற சுரப்புகள் பாயும், நாளங்கள் சுருங்கும், துடிப்பு எகிறும். மூச்சு திரும்பியதும் அடுத்த நிறுத்தம் காத்திருக்கும். அடைப்பு வகையில் இன்னொரு சுமையும் உண்டு. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்க முயன்றால் நெஞ்சுக்குள் ஓர் இழுவிசை வரும். அடைபட்ட தொண்டையோடு உறங்குபவரின் மார்பு இதையே திரும்பத் திரும்பச் செய்கிறது. அந்த விசை இதயத்தின் மெல்லிய மேலறைச் சுவர்களை இழுத்து விரிக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்புக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவில் இந்த இழுவைக்கும் பங்குண்டு. மேலறை விரிந்தால் சிறுநீரைப் பெருக்கும் ஒரு ஹார்மோனும் சுரக்கும். இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுபவர்கள் சர்க்கரையையும் வயதையும் மட்டும் காரணமாக எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆண்டுக்கணக்கில் இப்படிப் போனால் அழுத்தம் இரவில் இறங்க மறந்து, பகலிலும் உயர்ந்தே நிற்கும். மூன்று மாத்திரை போட்டும் அடங்காத ரத்தக்கொதிப்பு உள்ளவர்களிடம் இந்த நோய் மிக அதிகம். ரத்தக்கொதிப்பு, இதயச் செயலிழப்பு, மாரடைப்புக்கு வழிவகுக்கும் தமனி நோய், பக்கவாதம் ஆகியவை உள்ளவர்களில் 40 முதல் 80 சதவீதம் பேருக்கு அடைப்பு மூச்சு நிறுத்தம் இருப்பதாக அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் கூறியது. மைய வகையில் காரணமும் விளைவும் திரும்பி நிற்கும். அங்கே பலவீனமான இதயமே மூச்சின் தாளத்தைக் கெடுக்கலாம். ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறும் அந்த மூச்சை ஜான் செய்ன் 1818இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் விவரித்தார்கள். அவர்கள் பெயரில்தான் அது இன்றும் வழங்குகிறது.

அப்புறம், குறட்டை. அது குறுகிய வழியில் காற்று போகும்போது மென்திசுக்கள் அதிர்ந்து எழும் ஒலி. குறட்டை விடுகிற எல்லோருக்கும் மூச்சு நிறுத்தம் இல்லை. குறட்டை நடுவே சட்டென்று அறுந்து, சத்தமே இல்லாமல் கிடந்து, பிறகு ஒரு பெரிய உறுமலோடு தொடங்குகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் “அப்பாடா, நின்றது” என்று நிம்மதியாகும் அந்த நேரத்தில்தான் ஆக்சிஜன் இறங்குகிறது. பெண்கள் பலருக்கு இவ்வளவு ஓசை இருக்காது. அயர்ச்சி, தூக்கமின்மை, காலைத் தலைவலி என்று வருவதால் வேறு நோயாக எண்ணிவிடுகிறார்கள்.

சிகிச்சைச் சொற்களில் அடிக்கடி கேட்பது ‘சீபாப்’. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் கருவி. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981இல் இதை வெளியிட்டார். ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், பகல் தூக்கத்தை நன்றாகவே போக்கும். ஆனால் ஏற்கெனவே இதய, மூளை நாள நோய் இருந்த 2,717 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. அவர்கள் இரவில் சராசரியாக 3.3 மணி நேரம்தான் முகமூடி அணிந்தார்கள் என்பதையும் சேர்த்தே அந்த முடிவைப் படிக்க வேண்டும். உடல் எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், இரவில் மதுவைத் தவிர்த்தல், கீழ்த்தாடையை முன்னால் பிடித்துவைக்கும் பல் கருவி ஆகியவையும் பலருக்கு உதவும்.

மருத்துவரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரும் கூடப் போவது நல்லது. முடிந்தால் இரவு ஒலியைக் கைபேசியில் பதிவு செய்து கொண்டுபோங்கள். “குறட்டை விடுறார்” என்பதோடு நிறுத்தாமல் “நடுவுல மூச்சு நின்னுபோகுது” என்றும் சொல்லுங்கள்.